கசிவுத் தண்ணீர்

எர்ணாவூருக்கு மேற்கே எங்கே கிணறு தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான், ஐயா. அதில் பருப்பு வேகாது. எல்லாம் அதில் ஆரம்பித்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் படகு விட்டு விளையாடுவதற்காகத் துரைமார்கள் மழை ஓடையை மறித்து ஒரு சின்ன மண் அணை கட்டினார்கள். அவர்கள் கப்பலேறிப் போன பிறகும் படகு கிளப் இருந்தது, காவலுக்கு நான் இருந்தேன். அணைக்குக் கீழே ஒரு குப்பம். அங்கத்துப் பெண்கள் நல்ல தண்ணீருக்கு ஒரு மைல் நடப்பார்கள். என்னை ஒருத்தியும் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

சுதந்திரம் வந்த மறு வருஷம் கரையின் அடியில் கசிவு கண்டது. முதலில் பார்த்தவள் கோவிந்தம்மா. உப்பளக் கூலிக்காரி, புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "ஆபீசுல சொல்லிடாதண்ணே, அடைச்சுடுவானுங்க" என்றாள். நான் சொல்லவில்லை. ஈரமுள்ளவன் யாரும் சொல்லமாட்டான்.

அப்புறம் யார் குடம் முதலில் என்பதை நான்தான் சொல்வேன். சண்டை வராமலிருக்க ஒரு ஆள் வேண்டுமே. வீட்டுக்கு வீடு எனக்கு மீன் குழம்பு எடுத்து வைத்தார்கள். கோடையில் கசிவு மெலிந்தால் பெண்களின் முகம் வாடிவிடும். பார்க்கப் பொறுக்காமல் கடப்பாரையால் கசியும் இடத்தைக் கொஞ்சம் குத்தி விடுவேன். ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம்தான்.

ஒருமுறை இஞ்சினியர் வந்தார். நல்ல மனிதர். "கரை பழசாயிடுச்சே, எங்கேயாவது கசியுதா?" என்று கேட்டார். கசியும் இடம் தெரியாமல் சவுக்கு மிலாறை, காய்ந்த குச்சிகளைப் பரப்பியிருந்தேன். இல்லை என்று சொல்லி, படகில் ஏற்றி ஒரு சுற்று கூட்டிப்போனேன். சந்தோஷமாகத்தான் போனார்.

போன ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. அணை தளும்பி நின்றது. காலையில் கோவிந்தம்மா வந்து குடத்தைச் சாய்த்துக் காட்டினாள்.

"தண்ணி செம்மண்ணா வருதுண்ணே. கரைக்கு எதுனா ஆயிடுமா? பசங்கள இட்டுகினு ரயில் மேட்டுக்குப் பூடலாமான்னு கீது."

தண்ணீர் கலங்கி வந்தால் கரை உள்ளே கரைகிறது என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். ஆனால் போ என்று சொன்னால் ஊரே கூடும், ஆபீசிலிருந்து வருவார்கள், ஓட்டையைப் பார்ப்பார்கள், அடைத்துவிடுவார்கள்.

"மழைல அப்டித்தான் வரும். துணில வடிகட்டிக்கோ. எல்லாரையும் வூட்டாண்டையே இருக்கச் சொல்லு" என்றேன்.

சரியென்று போனாள். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை. நான் என் பாயையும் பெட்டியையும் மேட்டிலிருந்த படகு ஷெட்டுக்குத் தூக்கிக்கொண்டேன்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது கரை போயிற்று. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. குப்பத்தில் எல்லாரும் வீட்டுக்குள்தான் இருந்தார்கள். சோறு ஆறிவிடும் என்று நான் சாப்பிட்டு முடித்தேன். மறுநாள் கோவிந்தம்மாவின் உடலை உப்பளத்துக் கம்பிவேலியிலிருந்து எடுத்தார்கள். பிள்ளைகள் அகப்படவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஏனென்று தெரியவில்லை.

ஓட்டையைப் பெரிதாக்கியவன் நான். தெரிந்தே அவர்களை வீட்டில் இருக்கச் சொன்னவனும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன்.

அணையை மறுபடி கட்டப்போவதில்லை என்கிறார்கள். பிழைத்துக் கிடக்கும் நாலைந்து குடும்பங்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. என்னை விட்டால் அதுகளுக்கு யார் இருக்கிறார்கள், ஐயா?