படத்தில் இடப்பக்கம் பதினேழு சிலுவை

மேடையில் இருக்கும் ஃபாதர் அவர்களே, கட்டடக் குழுத் தலைவர் கிளிஃபர்ட் சார் அவர்களே, அழுத கண்ணோடு வந்திருக்கும் என் சனங்களே, அக்னஸின் வணக்கம். நான் ஆறாவது வரைதான் படித்தவள். மைக் பிடித்துப் பழக்கமில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உபதேசியார் வேதநாயகம் போய்விட்டார்! என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெர்ரி ஏறி ஜெபம் சொல்ல வந்தவர் யார்? உபதேசியார் வேதநாயகம். உறவு இல்லாமல் செத்தவர்களின் பெட்டியைத் தூக்க ஆள் சேர்த்தவர் யார்? உபதேசியார் வேதநாயகம். கடைசியாக அவர் மனதில் தூக்கிக்கொண்டு அலைந்தது பதினேழு பேரை.

இதோ, இந்தச் சுவரில் தொங்கும் படத்தைப் பாருங்கள். நம் பழைய மடத்தை மேலேயிருந்து பார்த்தமாதிரி, செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த படம். கோயிலுக்கு இடப்பக்கம், மதிலோரம் பொடிப்பொடியாக இருப்பதைச் செடி என்றுதான் நினைத்தோம். உபதேசியார் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினார். பதினேழு சிலுவை! மடத்தைக் கட்ட வந்து, ஒரே வருடத்தில் காய்ச்சலில் செத்த நம் ஆட்கள் பதினேழு பேர் என்று பழைய சாவுப் பதிவேடும் சொல்கிறது.

போன மாதம் இடப்பக்கம் தோண்டினோம். வேரும் உடைந்த ஓடும்தான் வந்தன. கிளிஃபர்ட் சார், நீங்கள் என்ன கேட்டீர்கள்?

"அந்தக் காலத்துல யாரு உபதேசியாரே மேல பறந்து பார்த்தா? காக்காவா வரைஞ்சிச்சு?"

எல்லாரும் சிரித்தீர்கள். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வலப்பக்கத்தில் கார் நிறுத்த இடம் கட்டுவது என்று அன்றே முடிவானது.

போன செவ்வாய்க்கிழமை படத்தைத் துடைக்கும்போதுதான் கிணறு என் கண்ணில் பட்டது. படத்தில் கிணறு இடப்பக்கம். நாம் சிமெண்டு போட்டு மூடிய கிணறு வலப்பக்கம் அல்லவா? நான் பாசாரில் குவே பலகாரம் விற்கிறவள். என் மர அச்சில் மீன் இடப்பக்கம் பார்க்கும். அழுத்தி எடுத்த குவேயில் வலப்பக்கம் பார்க்கும். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அண்ணே, இதுவும் அச்சுதானே? செதுக்குனவரு நேரா செதுக்கிட்டாரு, தாள்ல திரும்பிருச்சு."

அவர் என்கூடவே வந்து படத்தில் கிணற்றைப் பார்த்தார். பிறகு, "ஒரு வருஷமா சிலுவையவே எண்ணுனேன், கிணத்த பாக்கலயே! தப்பான பக்கம் தோண்டிட்டேன்லா. வெள்ளிக்கிழமை கூட்டத்துல நீயே சொல்லு" என்றார்.

"ஐயோ, எனக்கு வாய் வராதுண்ணே. நீங்களே சொல்லுங்க."

"கண்டுபிடிச்சது நீ. நான் சொன்னா திருட்டுலா."

வியாழக்கிழமை காலையில் அவர் நெஞ்சு நின்றுவிட்டது. கூட்டமும் நடக்கவில்லை.

அதனால் இன்றைக்குச் சொல்கிறேன். நாளைக் காலை எட்டு மணிக்கு வலப்பக்கத்தில் மண் தோண்டும் வண்டி வந்து நிற்கப்போகும் இடத்தில்தான் அந்தப் பதினேழு பேரும் படுத்திருக்கிறார்கள். நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். அதை வண்டியின் பல்லா சொல்லவேண்டும்? கிளிஃபர்ட் சார், தலையைக் குனியாதீர்கள். உங்களைக் குறை சொல்ல நான் ஏறி வரவில்லை. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

உபதேசியாரே, உங்கள் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். நாளைக்குப் பாசாருக்குப் போகமாட்டேன். ஏழு மணிக்கே கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்காருவேன். எழும்பச் சொன்னால் வண்டிக்காரருக்கும் என் மீன் அச்சைக் காட்டுவேன்.

வருகிறவர்கள் கையோடு சின்ன மண்வெட்டி கொண்டுவாருங்கள். மெதுவாகத்தான் தோண்டவேண்டும்.