கதிரவெளி மந்திகள்

— மூண்டு நாளா மரம் மரமாப் பார்த்திட்டன் கண்ணகையக்கா. ஒரு மந்தியயும் காணல்ல. பல்கலைக்கழகத்தில தந்த கணக்கெடுப்புப் படிவத்தில என்னத்த எழுதிறது?

— இல்ல எண்டு எழுது நிருஷா. அந்தத் தடிய இஞ்சால தா. தண்ணிய மூடி மிதக்கிற இந்த ஆத்துவாழையக் கரைக்கு இழுக்கணும்.

— போன கிழமையும் இந்தக் குளத்தைத்தானே துப்புரவாக்கினீங்க?

— ஓம் புள்ள. ஒரு செடி மிஞ்சினாப் போதும், பதினைஞ்சு நாளில குளம் மூடிரும். சுனாமிக் கடல் வந்த வருசம் உப்புத்தண்ணி ஏறி முழுக்கக் கருகிச்சி. அடுத்த மாரிக்கு முந்தினதை விடக் கூட முளைச்சிச்சி.

— மந்தி அப்பிடியில்லக்கா. ரெண்டு வருசத்துக்கு ஒரு குட்டி. அழிஞ்சுபோற இனம். பழைய கணக்கில இஞ்ச இருபத்திமூண்டு எண்டு கிடக்கு. கடல் கொண்டுபோயிருக்குமோ?

— இல்ல புள்ள. அண்டைக்குக் காலமை நானும் மகள் அஜந்தாவும் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தம். மந்தியெல்லாம் கத்திக்கொண்டு மேட்டுப்பக்கம் பாய்ஞ்சதுகள். அவள் பின்னால ஓடிட்டாள். அவளப் பிடிக்க நான் ஓடினன். திரும்பிப் பார்த்தா ஊர் இல்ல. என்ட மனுசன் கடற்கரை வாடிக்குள்ள படுத்திருந்தவர்.

— அதுகளாலதான் தப்பினீங்க.

— ஓம். பிறகு மகள் ஒவ்வொரு நாளும் அதுகளுக்குப் பழம் கொண்டுபோவாள்.

— அப்ப எப்பிடி அழிஞ்சது? சண்டை நேரச் செல்லடியிலயா?

— கொஞ்சம் செல்லில. ரெண்டாயிரத்தி ஆறு கடைசியில பாதை பூட்டி சாமான் ஒண்டும் வரல்ல. இந்த ஆத்துவாழையக் கூட அவிச்சுப் பார்த்தம், வயிறு ஏற்கல்ல. மகளுக்குப் பன்னிரண்டு வயசு. எழும்ப ஏலாமக் கிடந்தாள்.

— அக்கா...

— அவள் பழம் வைக்கிற இடத்திலதான் சுருக்கு வைச்சன். அங்க வர அதுகளுக்குப் பயமில்ல.

— எத்தினை?

— நான் ஆறு. பார்த்திட்டு மத்த ஆக்களும் தொடங்கினாங்க. போன வருசம் சண்டை முடிஞ்சு காட்டுக்குள்ள போக விட்ட நேரம் நானும் தேடிப் பார்த்தன். ஒண்டுமில்ல.

— இத நான் எழுதமாட்டன். மகளுக்குத் தெரியாதுதானே?

— மான் இறைச்சி எண்டு சொல்லித்தான் குடுத்தன். அவள் ஒண்டும் கேக்கல்ல. கோப்பையில இருந்தது முழுக்கத் திண்டாள். அண்டையிலயிருந்து என்னை அம்மா எண்டு கூப்பிட்டதில்ல.