ஒன்பது வீட்டுக்கு ஒரே வசனம்

ஓடுகிறேன். இடுப்பில் லில்லி. கையில் வேதப்புத்தகம். காலில் செருப்பில்லை.

அபாயச் சங்கு ஏறி இறங்கி அலறுகிறது. துறைமுகத்துப் பக்கம் ஒன்று. ரயில்வே யார்டுப் பக்கம் ஒன்று. ஒன்று மூச்சு வாங்கும்போது மற்றது பிடித்துக்கொள்கிறது. நடுவில் தெருநாய்களின் ஊளை.

"பள்ளத்துல எறங்கு! அல்லாரும் எறங்கு! தலைய தூக்காத!"

தகரத் தொப்பி போட்ட வார்டன் கத்துகிறார். விசில் ஊதுகிறார். மறுபடி கத்துகிறார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு. ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை காலை. உலையில் அரிசி போட்டிருந்தேன். அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் பதுங்குகுழி வெட்டியிருந்தார்கள். கடலோர மண். இரண்டடி தோண்டினால் தண்ணீர். ஓரத்தில் சாக்கடை. வெட்டிய அன்றே அதில் கறுப்பாய்த் தண்ணீர் ஊறியதைப் பார்த்தேன். பார்த்தும் அதில்தான் குதித்தேன்.

வழுக்கியது. விழுந்தேன். லில்லி என் அடியில். அவள் முகம் தண்ணீருக்குள். இழுத்துத் தூக்கினேன். இருமினாள். துப்பினாள். குடித்ததில் பாதிகூட வெளியே வரவில்லை. "கசக்குதும்மா" என்றாள். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துவிட்டேன்.

குழிக்குள் இருபது பேர் இருப்போம். விமான இரைச்சலுக்குக் காது கொடுத்தபடி இருந்தோம். வரவில்லை. பிறகு சங்கு ஏற்றஇறக்கம் இல்லாமல் ஒரே நீட்டாக ஊதியது. ஆபத்து நீங்கியது. எழுந்தோம். சேறு வழியச் சிரித்தோம். பார்த்தீர்களா, ஆண்டவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்று நான்தான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். என் வாயால் சொன்னேன். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் இது சாட்சியம் ஆகாது.

ஆண்டவர் சொன்ன சொல் எது என்று சொல்கிறேன்.

என் பெயர் எஸ்தர். நாங்கள் தெற்கத்திக்காரர்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். என் கணவர் ஜெபமணி துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் குறிக்கும் குமாஸ்தா. லில்லி எங்கள் ஒரே பிள்ளை. நான்கு வயது. அந்தத் தெருவில் எங்கள் ஊர்க்காரர்கள், வேதக்காரர்கள், பதினொரு வீடு. தெருக்கோடியில் ஒரு சிறிய ஜெபவீடு. பாதிரியார் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் எங்களுக்கு உபதேசியார்தான். சாலமோன் உபதேசியார். நல்ல குரல். அவர் ஜெபம் செய்தால் கல்லும் கரையும் என்பார்கள். நானும் கரைந்திருக்கிறேன்.

புத்தாண்டு ஆராதனையில் எங்களுக்கு ஒரு வழக்கம். தாம்பாளத்தில் சீட்டுகளைக் குப்புற வைப்பார்கள். ஒவ்வொரு சீட்டிலும் வேதத்திலிருந்து ஒரு வாக்குத்தத்தம். வீட்டுக்கு ஒரு சீட்டு. வீட்டில் இளையவர் எடுக்கவேண்டும். வந்த வசனம் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அந்த வீட்டுக்குக் கொடுத்த வாக்கு. வாசல் நிலைக்கு மேல் ஒட்டுவோம். போகும்போதும் வரும்போதும் தொட்டுக்கொள்வோம். சீட்டுகளை எழுதுவது உபதேசியார். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அந்த வருஷம் விளக்குக் கட்டுப்பாடு. நடுநிசி ஆராதனை கிடையாது என்று விடிந்த பிறகு வைத்தார்கள். ரங்கூனில் குண்டு விழுந்த செய்தி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அங்கே எங்களுக்கு உறவுக்காரர்கள். பாடும்போது பாதிப் பேருக்குக் குரல் எழும்பவில்லை. தாம்பாளம் வந்தது. லில்லி எட்டி ஒரு சீட்டை எடுத்தாள். பிடிக்கவில்லை போல. திரும்ப வைத்துவிட்டு வேறொன்றுக்குக் கை நீட்டினாள். ஒருதரந்தான், எடுத்ததே எடுத்ததுதான் என்று உபதேசியார் சிரித்துக்கொண்டே முதல் சீட்டை அவள் கையில் திணித்தார்.

சங்கீத வசனம். எந்தக் கொள்ளைநோயும் உன் வீட்டுப் பக்கம் வராது, பொல்லாப்பு உன்னைத் தொடாது என்று பொருள்படும் வசனம்.

வெளியே வந்து சீட்டுகளை ஒப்பிட்டோம். எதிர்வீட்டுக்கும் அதே வசனம். அடுத்த வீட்டுக்கும் அதே. பதினொரு வீட்டில் ஒன்பது வீட்டுக்கு ஒரே வசனம். மேல் சிலிர்த்தது. சில பெண்கள் அழுதார்கள். உபதேசியார் ஜெபவீட்டு வாசலில் நின்று இரண்டு கையையும் உயர்த்தினார். ஆண்டவர் இந்தத் தெருவோடு ஒரே குரலில் பேசியிருக்கிறார் என்றார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்கள் நாங்கள். நம்பினோம்.

ஈஸ்டர் ஞாயிறு காலை கொழும்பில் குண்டு. திங்கள் விசாகப்பட்டினத்தில் குண்டு. அடுத்தது சென்னைதான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. கட்டிய மூட்டை, கட்டாத மூட்டை, பாய், கோழிக்கூண்டு, தையல் மெஷின் எல்லாம் தெருவில். மாட்டுவண்டிக்காரன் கேட்டதுதான் கூலி. ரயிலில் கால்வைக்க இடமில்லை. துறைமுகத்து ஆட்களைப் போகவிடவில்லை. என் கணவர் இருந்தே ஆகவேண்டும். நானும் லில்லியும் போகலாம். போகலாம் என்று அவரும் ஒருதரம் சொன்னார். இரண்டாம் தரம் சொல்லவில்லை. ஈஸ்டர் பிரசங்கத்தில் உபதேசியார் சொன்னது அவர் காதில் நின்றுவிட்டது. வாக்குத்தத்தம் வாங்கியவன் மூட்டை கட்டினால் ஆண்டவரைப் பொய்யர் ஆக்குகிறான் என்று உபதேசியார் சொல்லியிருந்தார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இதில் என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

திங்கள் சாயங்காலம் அந்தோணியம்மா வந்தாள். பக்கத்துச் சந்துக்காரி. மாதா கோயில்காரி. மீன் விற்பவள். ஆறு வருஷமாக எங்கள் வீட்டுக்கு அவள் மீன்தான். கால்வாயில் படகு நிற்கிறது, காட்டுப்பள்ளியில் அக்கா வீடு, இரண்டு பேருக்கு இடம் வைத்திருக்கிறேன் என்றாள். நான் நிலையைக் காட்டினேன். சீட்டைப் படித்தும் சொன்னேன். அவளுக்கு எழுத்து தெரியாது. இடுப்பில் கைவைத்து அண்ணாந்து அதையே பார்த்தாள்.

"ஏம்மா, நீ படிச்சிக்கின. சரி. குண்டுக்கு படிக்கத் தெரியுமா?"

எனக்குக் கோபம் வந்தது. ஜெபமாலை உருட்டுகிறவளுக்கு வசனத்தின் அருமை என்ன தெரியும் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்திருக்கும். அவள் லில்லியின் கன்னத்தைத் தொட்டு, கொயந்தையையாவது குடும்மா என்றாள். கொடுக்கவில்லை.

மறுநாள்தான் சங்கு. குழி. அந்தத் தண்ணீர்.

புதன்கிழமை ஒன்றுமில்லை. விளையாடினாள். வியாழன் விடியலில் வாந்தி. பிறகு பேதி. அரிசி கழுவிய தண்ணீர் போலப் போனது. காலரா என்று வாயால் சொல்ல எனக்குத் தைரியமில்லை. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றினேன். நின்றால்தானே. கண் உள்ளே போயிற்று. விரல் நுனி நீரில் ஊறியது போல் சுருங்கிற்று. குரல் கம்மிவிட்டது. தண்ணீர் கேட்டாள். சத்தமே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

என் கணவர் டாக்டரைத் தேடி ஓடினார். தெருமுனை மருந்தகம் பூட்டிக் கிடந்தது. அடுத்த தெரு டாக்டர் வீட்டில் காவல்காரன் மட்டும். பெரிய ஆஸ்பத்திரிவரை நடந்தார். வண்டி இல்லை. அங்கே கட்டில்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நோயாளிகளை வெளியூருக்கு அனுப்புகிறார்களாம். ஒரு நர்ஸ் இரங்கி மருந்துப்பொட்டலம் இரண்டு கொடுத்தார். அதையும் லில்லி வாந்தியெடுத்தாள்.

நான் ஜெபவீட்டுக்கு ஓடினேன். உபதேசியார் வந்து தலையில் கைவைத்து ஜெபித்தால் போதும். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. ஜெபவீட்டை ஒட்டித்தான் அவர் வீடு. கதவில் பூட்டு. முற்றத்துக் கொடியில் துணி இல்லை. ஆட்டுக்குட்டி இல்லை. எதிர்க் கடைக்காரர் கடையை ஏறக்கட்டிக்கொண்டிருந்தார்.

"உபதேசியாரா? அவரு திங்கக்கெழமையே குடும்பத்தோட கெளம்பிட்டாரேம்மா. உனுக்குத் தெரியாது?"

திங்கட்கிழமை. அந்தோணியம்மா என் வாசலில் நின்ற அதே திங்கட்கிழமை.

ஜெபவீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே போனேன். ஜெப எண்ணெய்க் குப்பியைத் தேடினேன். அவர் இல்லாவிட்டால் நானே பூசி ஜெபிப்பேன். அலமாரியில் தாம்பாளம் இருந்தது. அதன்மேல் ஒரு தகரப் பெட்டி. திறந்தேன். புத்தாண்டில் மிஞ்சிய சீட்டுகள். ஒன்றைத் திருப்பினேன். எங்கள் வசனம். இன்னொன்றைத் திருப்பினேன். எங்கள் வசனம். எல்லாவற்றையும் தரையில் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பினேன். இருபத்து மூன்று சீட்டு. பத்தொன்பதில் அதே வசனம். அதே முத்து முத்தான கையெழுத்து.

தரையில் உட்கார்ந்தேன். ஒரே குரலில் பேசியது யார் என்று தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் லில்லி இறந்தாள். அதற்கு முந்தைய வெள்ளிதான் பெரிய வெள்ளி. துறைமுகத்துச் சங்கு சாப்பாட்டு நேரத்துக்கு ஊதிற்று. சாதாரண ஊதல். நான் அவளை அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். குழிக்கு ஓட.

தச்சர் இல்லை. சவப்பெட்டி இல்லை. என் கணவர் துறைமுகத்திலிருந்து ஒரு தேயிலைப் பெட்டி கொண்டுவந்தார். உள்ளே ஈயத்தாள். அதைக் கிழித்து எடுத்தார். விரல் வெட்டி ரத்தம். மூலக்கொத்தளம் இடுகாட்டுக்கு அவரே தோளில் சுமந்தார். நான் பின்னால். வழியெங்கும் பூட்டிய கதவுகள். எங்கள் ஆட்கள் வீடுகளில் பாதிக்குப் பூட்டு. செவ்வாய்ச் சங்குக்குப் பிறகு சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தார்கள். நிலைக்கு மேல் சீட்டு மட்டும் அப்படியே இருந்தது. அடக்க ஜெபம் வாசிக்க ஆளில்லை. அவர் வாசித்தார். நடுவில் நிறுத்திவிட்டார். மீதியை நான் வாசித்தேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக நிலையிலிருந்த சீட்டைச் சுரண்டினேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது. கத்தியால் சுரண்டினேன். வசனம் போயிற்று. சதுரமாக ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது.

ஒரு வாரம் கழித்து அந்தோணியம்மா காட்டுப்பள்ளியிலிருந்து திரும்பினாள். நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தாள். உட்கார்ந்தாள். என் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள். மீன் வாடை. அவள் ஜெபமாலை என் கன்னத்தில் உறுத்தியது. அன்றுதான் எனக்கு அழுகை வந்தது.

எனக்கு ஆண்டவர்மேல் கோபம். நிறைய. ஆனால் அவரிடமே கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்? சீட்டாக வெட்டிய வேதம் போதும் என்று முழுப் புத்தகத்தையும் முதலிலிருந்து படித்தேன். சண்டைக்காரியாகப் படித்தேன். மழைக்காலத்தில் சுவிசேஷத்துக்கு வந்தேன். வனாந்தரத்தில் இயேசுவைச் சோதிக்கிறான் சாத்தான். கோயில் உச்சியில் நிறுத்துகிறான். குதி, உனக்கு ஒன்றும் ஆகாது என்கிறான். ஆதாரமாக ஒரு வசனம் காட்டுகிறான். அதே சங்கீதம். எங்கள் சீட்டில் இருந்த வசனத்துக்கு அடுத்த வசனம். எத்தனை தரம் அந்த இடத்தைப் படித்திருப்பேன். சங்கீதத்தோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை. இயேசு குதிக்கவில்லை. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குதித்தேன்.

ஊர் பழையபடி நிரம்பியது. உபதேசியாரும் திரும்பினார். முதல் ஞாயிறே பிரசங்கம். காத்த தேவனுக்குத் துதி என்றார். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே என்று ஒரு சொல் உண்டே, அதுதான். ஆராதனை முடிந்ததும் தகரப் பெட்டியை அவர் முன்னால் வைத்தேன். என் கணவர் பக்கத்தில் நின்றார். உபதேசியார் பெட்டியைத் திறக்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

"சனமெல்லாம் பயந்து நடுங்கிக் கெடந்தாவம்மா. நல்ல வசனமாப் போட்டா ஒரு தைரியம் வருமேன்னு நெனச்சேன். வேற ஒண்ணும் நெனக்கலம்மா."

நம்பினேன். அது பொய்யில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. கெட்டவன் ஏமாற்றினால் சபித்துவிட்டுப் போகலாம். ஒரே ஒரு கேள்வி கேட்டேன். உங்கள் வீட்டுக்கு என்ன வசனம் வந்தது?

தகரப் பெட்டியை என் பக்கமே தள்ளினார்.

"நாங்க சீட்டே எடுக்கலம்மா."

என் கணவர் அதற்குப் பிறகு ஜெபவீட்டு வாசல் மிதிக்கவில்லை. நான் போகிறேன். பின்வரிசையில் உட்காருகிறேன். தாம்பாளம் வந்தால் எடுக்காமல் அடுத்தவருக்குத் தள்ளுகிறேன். யாராவது ஒரு வசனத்தைச் சொன்னால், அதற்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது, யார் வாயில் இருக்கிறது என்று கேட்கிறேன். வாயாடி என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

கணக்குச் சொல்லி முடிக்கிறேன். அந்த வாரம் எங்கள் தெருவில் விழுந்த குண்டு: ஒன்றும் இல்லை. இடிந்த வீடு: ஒன்றும் இல்லை. பதினொரு வீட்டில் ஓடியவை ஆறு. அவர்களில் செத்தவர் எவரும் இல்லை. தங்கியவை ஐந்து. குழித்தண்ணீர் நோயில் போனவர்கள் இரண்டு பேர். கடைசி வீட்டுச் செல்லையா, கட்டுமஸ்தான ஆள், ஆறு பிள்ளைகளுக்குத் தகப்பன். அடுத்து என் லில்லி. என் கணவருடைய விசுவாசத்தையும் சேர்த்தால் மூன்று.

லில்லி ஒரு சீட்டு எடுத்தாள். அதைத் திரும்ப வைத்துவிட்டு வேறொன்றுக்குக் கை நீட்டினாள். நாங்கள் விடவில்லை.