கடிதத்தில் நான் எழுதாதது

முதலில் ஒரு மன்னிப்பு. பிள்ளை தூங்கிய பிறகு, நள்ளிரவு தாண்டி எழுதிய உரை இது. வாசிக்கையில் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் குழந்தைகள் காப்பக நிர்வாகி அம்மா அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் பெரியோர்களே, மடியில் மழலையும் மனத்தில் மலையளவு கவலையுமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்!

‘காட்டுமிராண்டித்தனமும் நாகரிகமும்’ என்று தலைப்புக் கொடுத்தீர்கள். யார் காட்டுமிராண்டி? கல்லெடுத்தவனா? கத்தியெடுத்தவனா? நான் சொல்கிறேன்: பேனா எடுத்தவள். இதோ, உங்கள் முன் நிற்பவள்! சிரிக்காதீர்கள் அம்மா, வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

போன மாதம், இதே காப்பகத்தில், ஒரு சிவப்பு வாளிக்காக என் மூன்று வயது மகன் இன்னொரு குழந்தையைக் கடிக்கப் பாய்ந்தான். ஆயா குறுக்கே கையை நீட்டினார். கடி அவர் மணிக்கட்டில் விழுந்தது. மாலையில் நான் வந்ததும் சிரித்துக்கொண்டே, “ஏம்மா, வீட்ல சோறு போடலியா? காட்டுமிராண்டி மாதிரி கடிச்சு வெச்சிட்டான் உங்க புள்ள!” என்றார்.

கடி கண்ணில் பட்டது. சொல்தான் காதில் சுட்டது. படித்தவள் அல்லவா நான்? பட்டம் பெற்றவள் அல்லவா? அன்றிரவே நிர்வாகி அம்மாவுக்கு ஒரு புகார்க் கடிதம்: ‘மதிப்பிற்குரிய’ என்று தொடங்கி, ‘தங்கள் உண்மையுள்ள’ என்று முடித்து, நடுவில் ஒரு பெண்ணின் வேலையைக் கடித்துத் துப்பினேன். ‘பண்பற்ற சொல்’ என்று எழுதினேன். பற்குறியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் இரண்டு முறை பார்த்தேன்!

இரண்டாம் நாள் ஆயா இல்லை, வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். வாசலிலேயே மகன் நின்றுவிட்டான்.

“ஆயா எங்கம்மா?”

“எதுக்குடா?”

“கைய ஊதி விடணும். வலிக்கும்ல?”

கேட்டீர்களா? கடித்தவனுக்கு இரண்டே நாளில் நாகரிகம் வந்துவிட்டது. எனக்கு? ஒரு மாதம் ஆயிற்று! என்ன அக்கா, “இப்பவாவது சொன்னியே” என்கிறீர்களா? ஆறுதல் வேண்டாம். வெட்கப்பட வந்திருக்கிறேன், வெட்கப்பட விடுங்கள். பல் பதிந்த தடம் ஒரு வாரத்தில் மறையும். பணிவாய் எழுதிய பாதி உண்மை, ஒரு வீட்டின் அடுப்பையே அணைக்கும்!

நிர்வாகி அம்மா, அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். விட்டுப்போன வரியை இந்த மேடையில் சேர்க்கிறேன்: கடித்தது என் மகன், கடிபட்டவர் ஆயா.

பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.

ஆயாவைத் திரும்பக் கூப்பிடுவீர்களா, மாட்டீர்களா அம்மா? என் மகன் தினமும் வாசலில் கேட்கிறான். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.