வித்யா கேட்ட இரண்டு வருஷம்

— ரெண்டு வருஷம் அம்மா. அதுக்கு ஒரு நாள் குறைஞ்சாலும் ஒத்துக்கமாட்டேன்.

— ரெண்டு வருஷமா! நீட்ல இப்படி ஒரு ரேங்க் வாங்கி, அல்சூர்ல நம்ம தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தாச்சு. இப்ப வந்து, மெடிக்கல் காலேஜுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு அப்ளை பண்றேன்னு சொல்ற பொண்ணை யாராவது பார்த்திருப்பாங்களா?

— இப்ப பார்க்கட்டும். காலையில நீயும்தானே கேட்டே? அப்பா பதிகம் முழுசும் பாடினார்! முதல் பாட்டுலேர்ந்து கடைக்காப்பு வரைக்கும், ஒரு அடி விடாம!

— கேட்டேன் கண்ணு. கரண்டியும் கையுமா நின்னுட்டேன். பால் பொங்கி அடுப்பை அணைச்சதுகூடத் தெரியல. தை மாசம் ஸ்ட்ரோக் வந்து அடங்கின வாய். சோமேசுவரர் சந்நிதியில அவர் எடுத்தாத்தான் மத்தவங்க சேர்ந்துக்குவாங்க. அந்தக் குரல் நம்ம வீட்டுக்குள்ள மறுபடியும் நிமிர்ந்து நின்னதுடி! சந்நிதியில அவர்கூடப் பாடற சுந்தரராமன் சாருக்குப் போனைப் போட்டுக் கதவோரமா நீட்டினேன். அந்தப் பக்கம் அவரும் சேர்ந்து பாடறார், அழுதுக்கிட்டே. “வேதநாயகியம்மா, முன்வரிசையில உங்க வீட்டுக்காரர் இடம் அப்படியே இருக்கு”ன்னார்.

— அந்தக் குரல் தானாவா வந்தது? ஸ்ட்ரோக் வந்து பேச்சு போனாலும் சில பேருக்குப் பாட்டு தங்கும்னு, பேச்சுப் பயிற்சி கொடுக்கற யூஜின் சார் சொன்னாரே. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டேன். தினமும் பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொரு அடிக்கும் முதல் சீரை எடுத்துக்கொடுத்தேன். நான் மைசூருக்குப் படிக்கப் போயிட்டா யார் எடுத்துக்கொடுப்பா? நீயா?

— ஏன், நான் பாடமாட்டேனா? போன சோமவாரம்கூடப் பாடினேன். அப்படியே உருகிக் கண்ணை மூடிக்கிட்டார்.

— அது உருக்கமில்ல அம்மா. பயம்.

— வாய்க்கொழுப்பைப் பாரு! ஏங்க, உங்களுக்குச் சிரிப்பு வேறயா? மகள் என்னைக் கிண்டல் பண்ணினா மட்டும் தோள் குலுங்குது.

— அப்பாவுக்கு எல்லாம் புரியுது. வெளியிலதான் வரமாட்டேங்குது. பாட்டு வருது, பேச்சு வரல. அதனாலதான் ரெண்டு வருஷம் கேட்கறேன். சரி, நீதான் சொல்லேன், எத்தனைன்னா ஒத்துக்குவே?

— பேரம் பேச இது என்ன ரஸ்ஸல் மார்க்கெட்டா? ஒரு வருஷமும் கிடையாது. இந்த மார்க்கு இந்த வருஷத்துக்குத்தான் செல்லும். விட்டா அந்தப் பரீட்சையை மறுபடியும் முதல்லேர்ந்து எழுதணும். உங்கப்பா ஐசியூவுல இருக்கும்போது வராந்தாவுல, செருப்பு வைக்கற இடத்துல உட்கார்ந்து படிச்சியே. அந்தப் படிப்பை இன்னொரு தரம் படிப்பியா?

— படிப்பேன். வராந்தாவுல முடிஞ்சது வீட்டுல முடியாதா? சரி, ஒன்றரை வருஷம்.

— பரீட்சை வருஷத்துக்கு ஒருதரம்தான். மிச்ச அரை வருஷத்தை என்ன பண்ணுவே, ஊறுகாய் போடுவியா?

— அப்ப ஒரு வருஷம். ஒரே வருஷம். சும்மா தலையை ஆட்டும்மா. எந்தெந்தக் காலேஜ் வேணும்னு கவுன்சலிங்ல பதிவு பண்றது இன்னைக்குச் சாயங்காலத்தோட முடியுது. அந்த நேரம் தாண்டிட்டா உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

— எனக்கு எங்கேடி நிம்மதி? வித்யா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. நேத்து உங்கப்பா ஜன்னலைக் காட்டி உதட்டைக் குவிச்சார், ஞாபகம் இருக்கா?

— சாரல் அடிச்சது. உடனே ஓடிப்போய்ச் சாத்தினேனே.

— சாத்தினே. சால்வையும் போர்த்திவிட்டே. நீ போனப்புறம் நான் திறந்தேன். விளக்கு வைக்கற நேரம் வரைக்கும் அந்த மழையையே பார்த்துக்கிட்டிருந்தார். அவருக்கு மழை வேணும்டி. வாயைத் திறந்து கேட்கறதுக்குள்ள நீ கதவைச் சாத்திட்டே.

— ஒரு நாள் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். அதுக்காக?

— ஒரு நாளா? போன செவ்வாய்க்கிழமை நீ கடைக்குப் போயிருந்தே. கீழ்வீட்டு லட்சுமம்மா வந்து, “ஊட்டா ஆய்த்தா சார்?”னு கன்னடத்துல கேட்டுட்டுப் பூண்டு உரிக்க உட்கார்ந்தாங்க. பதில் வரும்னு காத்திருக்கவும் இல்ல, வரலையேன்னு தவிக்கவும் இல்ல. முறம் நிறைய உரிச்சு முடிச்சாங்க. முடிக்கற நேரத்துக்கு உங்கப்பா “ஆய்த்து”ன்னார்.

— என்ன! சாப்பிட்டாச்சுன்னு சொன்னாரா? சொந்தமா? யாரும் எடுத்துக்கொடுக்காம? ஏன்மா என்கிட்ட சொல்லல!

— சொல்லியிருந்தா அன்னைக்கே கன்னடப் பாடம் ஆரம்பிச்சிருப்பே.

— சிரிக்காதே. அப்ப, அப்பா பேச்சை நான்தான் அடைச்சு வெச்சிருக்கேனா?

— சிவசிவா, அப்படிச் சொல்வேனா? போன குரலைக் கையைப் பிடிச்சு வீட்டுக்கு அழைச்சுக்கிட்டு வந்தவ நீ. அந்தப் புண்ணியத்துல எனக்குப் பங்குகூடக் கிடையாது. ஆனா பாட்டு அவருக்குள்ள முன்னமே கட்டி முடிச்ச கோயில். நீ கதவைத் திறந்தே, விளக்கு எரிஞ்சது. பேச்சு அப்படியில்ல. ஒவ்வொரு கல்லா அவரேதான் அடுக்கணும். அவர் ஒரு கல்லைத் தூக்கறதுக்குள்ள நீ பத்து கல்லை வெச்சுடறே.

— எனக்குத் தாங்கலம்மா. வாய் திறக்கும், ஒண்ணும் வராது, கண் கலங்கிடும் பாரு. அந்த நேரத்தை என்னால பார்க்க முடியல. அதனாலதான் நானே சொல்லிடறேன்.

— எனக்கு மட்டும் தாங்குதா? நான் சமையலறைக்கு ஓடிடறேன், நீ சொல்லிடறே. ஒரு வீட்டுல ரெண்டு கோழைங்க.

— நீ பேங்க் வேலைக்குப் போற நேரத்துல அப்பாகூட யார் இருப்பா?

— லட்சுமம்மா இருக்காங்க, அவங்க பூண்டு இருக்கு. யூஜின் வந்துக்கிட்டுத்தான் இருப்பார். ஞாயித்துக்கிழமை நீ ரயிலேறி வந்தா மத்தியானம் இந்தக் கூடத்துல பதிகம் கேட்கும். இதையெல்லாம் நாம ரெண்டு பேரும் முடிவு பண்றோமே, யாரைப் பத்திப் பேசறோமோ அவரைக் கேட்டியா?

— காலையிலயே கேட்டேன். “அப்பா, நான் உங்ககூடவே இருக்கட்டுமா?”ன்னேன். தலையை ஆட்டினார்.

— அப்படிக் கேட்டா எந்தத் தகப்பன் மாட்டேன்னு ஆட்டுவார்? தலையாட்டி முடிக்க முடியாத கேள்வியாக் கேளு. கேட்டுட்டு வாயைக் கட்டு. அவர் என்ன சொல்றாரோ அதுக்கு நானும் கட்டுப்படறேன். ரெண்டு வருஷம்னு வந்தாலும் சரி.

— சத்தியமா?

— சோமேசுவரர் சாட்சியா.

— அப்பா, இங்கே பாருங்க. நான் மெடிக்கல் காலேஜுக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி எவ்வளவு நாள் லீவு எடுத்துக்கட்டும்? நீங்க சொல்றதுதான் முடிவு.

— ம்... ம்...

— ஒரு வரு...

— உஷ்! வித்யா!

— இல்லம்மா, அவர் கண்ணைப் பாரேன், கலங்குது...

— கலங்கட்டும். என் கையைப் பிடிச்சுக்கோ. நானும் இன்னைக்கு ஓடமாட்டேன்.

— லீ...

— அம்மா, அப்பா...

— பேசாதேடி. இறுக்கிப் பிடிச்சுக்கோ.

— லீவு... எனக்குக் குடு... டீச்சரம்மா. நீ... மைசூர்... போ!