அறையை மாற்றித் தராத அம்மையாருக்கு

மரக்காணத்து உப்புக்காற்றில் உதிரும் கட்டடத்தையும், அதைவிடக் கடினமான எங்களையும் கட்டிக் காத்த கண்ணியமே! கூனிமேட்டில் பிறந்து, கூடி வாழும் குணத்தைக் கொண்டுவந்து கொடுத்த கோமகளே! விலங்கியல் துறையின் விளக்கே! மகளிர் விடுதியின் மாண்பே! பல்கலைக்கழகக் கடற்கரை வளாகத்தின் விடுதிக் காப்பாளர், பேராசிரியர் மெஹரூன்னிசா அம்மையீர்! வணக்கம்.

மோனை இத்துடன் மூச்சு வாங்குகிறது, பொறுத்தருளுங்கள். தமிழ்த்துறைக்காரி என்பதால் மடல் எழுதும் வேலை என்மேல் விழுந்தது. துணைக் காப்பாளர் என்பதால், தாங்கள் இன்று ஓய்வு பெற்றபின் திங்கட்கிழமை முதல் தங்கள் வேலையும் இந்த ஆரோக்கியசெல்வியின் தலையில்தான் விழப்போகிறது. இரண்டையும் சேர்த்து நினைத்தால் மடலே மேல் என்று தோன்றுகிறது.

கடல் பொங்கிய அந்த டிசம்பரில் கரையோரக் குடும்பங்களுக்குக் கூடத்தைத் திறந்துவிட்ட கருணையே! நோன்பிருப்பவருக்கும், தவக்காலத்தில் கவிச்சி தொடாதவருக்கும், ஆடிக்கூழ் கேட்டு அடம்பிடிப்பவருக்கும் ஒரே அடுப்பை மூட்டிய ஒப்புரவே! தங்கள் பெருமை பேசப் பொழுது போதாது. ஆனாலும், ஊர் தங்களைப் பேசுவது சோற்றுக் குண்டானை வைத்துத்தான்.

ஆண்டுதோறும் விடுதி திறக்கும் நாளில் சாப்பாட்டுக் கூடத்தின் நடுவே அந்தக் குண்டானை வைப்பீர்கள். புதிதாய்ச் சேரும் பெண்களில் பாதிப்பேர் தம் பெயரை எழுதி அதில் போட, மீதிப்பேர் ஆளுக்கொரு சீட்டு எடுக்க, எடுத்தவளும் எடுக்கப்பட்டவளும் ஓராண்டுக்கு ஒரே அறை என்று வைத்தீர்களே, எங்கிருந்து வந்தது அந்தத் துணிச்சல்! இன்ன சாதி, இன்ன மதம் என்று பார்த்துப் பார்த்து அறை ஒதுக்கிய பழக்கத்துக்கு அன்றோடு மூடி போட்டீர்கள்.

சென்ற ஆண்டு உப்பள முதலாளி முருகையனின் மகள் அஞ்சலாட்சி எடுத்த சீட்டில் சகாயசெல்வி என்று இருந்தது. அவள் யார்? முருகையனின் பாத்தியில் உப்பு வாரும் சகாயராஜின் மகள். மறுநாளே முதலாளி வந்து நின்றார். “எங்கிட்ட கூலிக்கு வர்றவன் பொண்ணும் எம் பொண்ணும் ஒரே ரூமாம்மா? ஊர்ல நான் தல நிமிந்து நடக்குறதா வேணாமா?” அவருடைய மோட்டார் சைக்கிள் கண்ணுக்கு மறைந்த பிறகு, அதுவரை வேலியோரம் நின்றிருந்த சகாயராஜ் உள்ளே வந்தார். வந்தவரும் அதையே கேட்டார்! “மாத்தி வுட்டுருங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். மொதலாளி வூட்டுப் பொண்ணோட எம் பொண்ணு எப்படிம்மா இருக்கும்? எனக்கு வேல பூடும்மா.”

இருவருக்கும் தாங்கள் சொன்னது ஒன்றுதான். “ஒரு மாசம் போவட்டும். பொண்ணுங்களே வந்து மாத்துன்னு கேட்டா மாத்திடறேன்.”

மாதம் முடியுமுன் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். அறையை மாற்றக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று கதவோரம் நின்ற நான் நினைத்தேன். “மேடம், ஃபேன் சுத்த மாட்டேங்குது. புழுக்கத்துல ரெண்டு பேராலயும் தூங்க முடியல” என்றாள் அஞ்சலாட்சி. அட, இதற்குத்தானா என்று தாங்கள் சிரித்த சிரிப்பு சமையற்கட்டு வரை கேட்டது.

இத்தோடு நிறுத்தினால் மடல் மங்களமாக முடியும். சட்டம் போட்டு மாட்டவும் நன்றாயிருக்கும். ஆனால் சகாயராஜ் பயந்ததும் பலித்ததே! உப்பு வாரும் பருவத்தின் நடுவில் அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு உப்பளத்தில் இடம் கிடைக்கும்வரை அந்த வீட்டில் உலை வைக்க என்ன பாடுபட்டார்களோ! அவர் வீட்டுக்குப் போய்த் திரும்பிய தாங்கள் நேராக என்னிடம் வந்தீர்கள். “நான் செஞ்சது சரிதானே செல்வி?” என்று கேட்டீர்கள். சரிதான் மேடம் என்றேன். சொல்வது எனக்கு எளிதாக இருந்தது, வேலை போனது எனக்கில்லையே.

இப்போது அந்தக் கேள்வி என்னிடம் வந்திருக்கிறது. சென்ற வாரம் பெற்றோர் சிலர் என்னைத் தேடி வந்தார்கள். எல்லாச் சமூகத்தாரும் இருந்தார்கள். இதற்கு மட்டும் அப்படி ஓர் ஒற்றுமை! “அந்தம்மாதான் போறாங்களே, இனிமேலாவது அவங்கவங்க சனத்தோட போடுங்க. யாருக்கும் வம்பு வேணாம் பாருங்க” என்றார்கள். பார்க்கலாம் என்றேன். ஆம் அம்மையீர், முடியாது என்று சொல்ல நா எழவில்லை. இன்னொரு தகப்பனுக்கு வேலை போனால் நான் யாரிடம் போய் நிற்பேன்? தங்கள் குரலும் மிடுக்கும் எனக்கு ஏது? நான் அதட்டினால் விடுதிப் பூனைகூட நகராது.

குண்டான் இனி என்ன ஆகும் என்று தாங்கள் என்னைக் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன். ஆகவே, அந்தப் பெற்றோரும் அமர்ந்திருக்கும் இந்த அவையிலேயே சொல்லிவிடுகிறேன். சொன்னபின் பின்வாங்க முடியாதல்லவா? திங்கட்கிழமை விடுதி திறக்கும்போது குண்டான் வைக்கப்படும். வானூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகட்டுமே என்று வீட்டில் எல்லாரும் சொல்லியும், என் மகளை இந்த ஆண்டு விடுதியில் சேர்த்திருக்கிறேன். முதலில் விழும் சீட்டு அவளுடையது.

நோயில்லாத உடலும், கவலையில்லாத உறக்கமும், பேரப்பிள்ளைகள் சூழ்ந்த பெருவாழ்வும் இறைவன் தங்களுக்கு வாரி வழங்கட்டும்! தாங்கள் வளர்த்த பெண்கள் வாழும் ஊரெல்லாம் தங்கள் பெயர் வாழட்டும்!

எங்களுக்கோ பயம் தீரவில்லை. என் மகளின் சீட்டு யார் கையில் சிக்குமோ என்று இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அறையை மாற்றிக் கொடுங்கள் என்று முதலில் வந்து நிற்கப்போகிற தாய் நானாகத்தான் இருப்பேன். அந்தத் தாயிடம் முடியாது என்று சொல்லும் தெம்பு எனக்கு வேண்டும். வாழ்த்த வந்த இடத்தில், தங்களிடம் வாழ்த்துக் கேட்டு நிற்கிறேன், அம்மா.

தங்களை வழியனுப்ப மனம் வராத
ஆசிரியர்கள், விடுதிப் பணியாளர்கள், மாணவியர்
மகளிர் விடுதி, கடற்கரை வளாகம்
மரக்காணம், 30.06.2006