பாட்டுக்குள் இருந்த ஆள்

எனக்குப் பாட்டு கேட்கும் பழக்கம் கிடையாது, மேடம். ஸ்வீட் கடை வைத்திருப்பவர் வீட்டில் ஜாங்கிரி தின்பதில்லை, அது மாதிரிதான். சிதம்பரத்தில் தெற்கு வீதிக்குப் பின்னால் 'இளவரசு சவுண்ட் சர்வீஸ்' எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். காதுகுத்து, மஞ்சள் நீர், கல்யாணம், சாவு, எதுவானாலும் மைக் செட்டும் சீரியல் லைட்டும் நம்முடையதுதான். ஊரே அழுவதும் ஆடுவதும் நான் போடுகிற பாட்டுக்குத்தான். எந்தப் பாட்டைக் கேட்டால் மனுஷனுக்கு என்ன ஆகும் என்பது எனக்கு மனப்பாடம். அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

எனக்கும் ஒரு காலத்தில் பிடித்த பாட்டு ஒன்று இருந்தது. முதன்முதலாக பைக் வாங்கி, தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனபோது வழி நெடுக டீக்கடைகளில் ஓடிய பாட்டு. அதைக் கேட்டால் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். பிறகு மங்கலம்பேட்டையில் ஒரு நிச்சயதார்த்தம். ஆம்ப்ளிஃபயர் புகைந்து, பந்தலில் ஒரு மூலை கருகிவிட்டது. பெண்ணின் தாய்மாமன் நேராக வந்து எல்லோர் முன்னாலும் என்னை அறைந்தார். அப்போது இன்னொரு ஸ்பீக்கர் பாக்ஸில் அந்தப் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு அதன் முதல் தாளம் காதில் விழுந்தாலே எனக்கு இடது கன்னம் சுடும். பைக்கும் இல்லை, கடலும் இல்லை.

அன்றைக்கு ஒன்று புரிந்தது. ஒரு பாட்டில் ஒரு ஞாபகத்துக்குத்தான் இடம். பின்னால் வருவது கொஞ்சம் பலமாக இருந்தால் முன்னால் இருந்தது தானாக எழுந்து போய்விடும். இதைப் படித்தவர்கள் எழுதியிருக்கிறார்களா என்று தெரியாது. நான் அடிவாங்கிக் கற்றுக்கொண்டது.

என் மனைவி பவானி எனக்கு நேர் எதிர். சேத்தியாத்தோப்பு பெண். அம்மா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அப்பா ராஜமாணிக்கம் கரும்பும் நெல்லும் போட்டு ஒற்றை ஆளாக வளர்த்து, கடலூரில் ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைத்தார். கல்யாணம் ஆகி வந்தபோது அவள் போன் முழுக்கப் பாட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருப்பாள்.

"இந்தப் பாட்டுக்குத்தாங்க காலேஜ் டேல நாங்க ஆடுனோம். தமீம் அன்சாரின்னு ஒருத்தன், அவந்தான் ஸ்டெப்பு சொல்லிக் குடுத்தான். செம காமெடி" என்பாள்.

நான் சிரித்துக்கொண்டுதான் கேட்பேன். பொறாமை எல்லாம் எனக்குக் கிடையாது. ஆனால் பாட்டு முடியும் வரை அவள் என் வீட்டில் இருக்க மாட்டாள். கையில் கரண்டி இருக்கும், அடுப்பில் குழம்பு கொதிக்கும், ஆள் மட்டும் கடலூரில் இருப்பாள். நான் எதிரில் நின்றாலும் கண் என்னைத் தாண்டிப் போகும். அது எனக்கு வலித்தது. மனைவியைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டி வருவது புருஷன் கடமை இல்லையா? சண்டை போடவில்லை, போனைப் பிடுங்கவில்லை. ஊரில் மற்ற ஆண்கள் செய்வதை நினைத்துப் பாருங்கள்.

காலேஜ் டே பாட்டு சுலபமாகப் போய்விட்டது. அவளுக்கு வேர் சிகிச்சைக்காகப் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. போகும்போதும் வரும்போதும் வேனில் அதை மட்டும் போட்டேன். கன்னம் வீங்கி, வாய் கோணி, ஜன்னலில் சாய்ந்துகொண்டு வந்தாள். மூன்றாவது தடவை போனபோதே, "வேற எதனா போடுங்களேன், இத கேட்டாலே பல்லு விண்ணுவிண்ணுங்குது" என்றாள். தமீம் அன்சாரி முடிந்தான்.

அடுத்தது அவள் தோழி ஃபர்ஹானாவின் கல்யாணப் பாட்டு. அந்தக் கல்யாணத்தில் யார் யாரெல்லாம் வந்திருந்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்கு மீன் குழம்பு உதவியது. கெட்டுப்போக ஆரம்பித்த சங்கரா மீனை நானே வாங்கிவந்து, நானே ஆசையாகச் சமைத்துக் கொடுத்தேன். எனக்கு விரதம் என்று சொல்லிவிட்டேன். அவள் படுத்திருந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்து பக்கெட் பிடித்தது நான்தான். பாட்டு பக்கத்து அறையில் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள், "பவானி குடுத்து வச்சவ" என்று பேசிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு மழைப் பாட்டு. அதற்கான சந்தர்ப்பத்தை நான் ஏற்படுத்தவில்லை, அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நாலாம் மாதத்தில் குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். எனக்கும் துக்கம்தான், என் குழந்தையும்தானே. ஆனாலும் இப்படி ஒரு நேரம் திரும்ப வராது என்று தோன்றியது. இயர்போனை அவள் காதில் மாட்டி, அந்தப் பாட்டைப் போட்டுவிட்டுத் தலையை வருடினேன். ஆறுதலுக்குச் செய்கிறேன் என்று நினைத்து என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மழை பெய்தால்கூட ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

மிச்சம் இருந்தது ஒரே பாட்டு.

மற்றவற்றுக்கெல்லாம் கதை சொன்னவள் இதற்கு மட்டும் சொல்லவில்லை. ஒன்றும் பெரிய பாட்டு இல்லை, புல்லாங்குழலில் ஆரம்பித்துத் தப்பு மேளத்தில் போய் முடிகிற சாதாரணக் காதல் பாட்டு. கடலூர் பஸ் ஏதாவது அதைப் போட்டுக்கொண்டு தெருமுனையைக் கடந்தால் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். ஒவ்வொரு ஆடியிலும் ஒரு நாள் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பாள். கூட ஒரு வார்த்தை எழுத மாட்டாள். அன்று முழுக்க, யார் பார்த்தார்கள் என்று போனை எடுத்து எடுத்துப் பார்ப்பாள். பாட்டை ஸ்டேட்டஸில் வைப்பது எதற்கு? வாயால் சொல்ல முடியாததை ஒருவருக்குச் சொல்லத்தான். நம் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

பார்த்தவர்கள் பட்டியலை நானும் பார்த்தேன். ஆண்கள் கொஞ்சம் பேர்தான். அவள் அப்பாவையும் என்னையும் கழித்துவிட்டு மற்றவர்களை விசாரித்தேன். தமீம் அன்சாரி துபாயில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்தான். சித்தப்பா மகனுக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை. ஆள் அகப்படவில்லை. அவளிடமே கேட்டிருக்கலாமே என்று இப்போது நீங்கள் கேட்டீர்கள். மனைவியிடம் போய் அப்படிக் கேட்பது அசிங்கம், மேடம். நான் அந்த மாதிரி ஆள் இல்லை. ஆள் கிடைக்காவிட்டால் போகட்டும், பாட்டை அடித்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அது மசியவில்லை. அவளுக்குத் தலைவலி வந்தபோது போட்டேன், தலைவலி விட்டது என்றாள். எங்கள் தெருவில் விழுந்த சாவுகளில் எல்லாம் போட்டேன். "எழவு வூட்டுல இத்த போய் போடறீங்களே" என்று சிரித்தாள். ஊரார் வீட்டுச் சாவு ஊரார் வீட்டோடு போய்விடுகிறது. அவளே தலைவிரித்து உட்கார்ந்து அழுகிற சாவாக இருந்தால்தான் வேலைக்கு ஆகும். அப்படி அவளுக்கு இருந்தது இரண்டு பேர். ஒன்று நான். நானே போய்விட்டால் பாட்டை யார் போடுவது?

மாமா மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. தங்கமான மனுஷன். மாப்பிள்ளை என்றால் உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்பார். அவர்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டு வாசலில் சீரியல் லைட் கட்டித் தருகிறேன் என்று நானாகத்தான் போனேன். என்னோடு வேலை பார்க்கும் ரஃபியுதீனை அழைத்துப் போகவில்லை.

"ஒங்களுக்கு ஏன் மாப்ளே செரமம்? கடையில நாலு வேல கெடக்கும். ஒரு ஆள அனுப்பி வுட்டா போதாதா?" என்றார் மாமா.

"நம்ம வூட்டுக்கு நாந்தானே மாமா செய்யணும்" என்றேன்.

அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார். "பவானி இன்னமும் பாட்டு கேக்குதுங்களா மாப்ளே? அதுக்கு எந்நேரமும் பாட்டுதான். காலேஜில சேக்க இட்டுகினு போனப்ப பாருங்க…" என்று பழைய கதை ஒன்றை ஆரம்பித்தார். வயசானவர்கள் ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டார்கள். மேகம் வேறு கூடிக்கொண்டிருந்தது. டம்ளரைக் கொடுத்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

வாசலில் இரும்பு கேட். ஒயர் அதை ஒட்டிப் போகிற இடத்தில், அந்த ஒரே ஒரு இணைப்பில்தான் இன்சுலேஷன் டேப் சுற்றாமல் விட்டேன். மற்ற எல்லா இடத்திலும் வழக்கம்போல ஒழுங்காகச் சுற்றியிருக்கிறேன், நீங்களே பார்த்தீர்கள். சாயங்காலம் நல்ல மழை. காலையில் பால் வாங்க கேட்டைத் திறக்கப் போனவர் அப்படியே ஒட்டிக்கொண்டாராம். பால்காரர்தான் குச்சியால் தட்டிவிட்டார். ரொம்ப நேரம் கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னபோது எனக்கும் மனசு ஆறியது.

சாவு வீட்டுக்கு நம் மைக் செட்தான். வழக்கமான ஒப்பாரிப் பாட்டுகள் ஓடின. பவானி அப்பாவின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்போது அந்தப் புல்லாங்குழல் பாட்டைப் போட்டேன். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. "பாவம், மாப்ளைக்கு துக்கத்துல கை தவறிப்போச்சு" என்று ஒரு பெரியவர் சமாதானம் சொன்னார்.

பவானி தலையைத் தூக்கினாள். எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"எப்பிடிங்க தெரிஞ்சிது? நான் ஒங்ககிட்ட இத சொன்னதே இல்லியே" என்றாள். சொல்லிவிட்டு, அதுவரை அழாத அழுகையெல்லாம் அழுதாள்.

ஒருவன் இருந்திருக்கிறான் என்று அவள் வாயாலேயே வந்துவிட்டது பார்த்தீர்களா? எனக்குக் கோபம் வரவில்லை. மன்னித்துவிட்டேன். "தெரியும். போவட்டும் வுடு" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். எங்கள் கல்யாணத்தில் அதைவிட நெருக்கமாக நாங்கள் இருந்ததில்லை.

இது விபத்தாகவே முடிந்திருக்கும். ரஃபியுதீன்தான் உங்களிடம், "அண்ணன் டேப் சுத்தாம ஒரு எடம் வுட மாட்டாருங்க, இத்தன வருசத்துல நான் பாத்ததில்ல" என்று சொல்லியிருக்கிறான். அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. முதலாளியைப் பெருமையாகத்தான் பேசியிருக்கிறான். ஆமாம், நான்தான் செய்தேன். மாமாவைக் கொன்றது நான்தான். அதற்கு எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

பவானி கொடுத்த வாக்குமூலத்தை இப்போது வாசித்துக் காட்டினீர்கள். ஆடி மாதம் காலேஜில் சேர்க்க அப்பாதான் கடலூருக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனாராம். ஹாஸ்டலில் விட்டுவிடப் போகிறாரே என்று இவள் வழியெல்லாம் அழுதாளாம். டிரைவர் இந்தப் பாட்டைப் போட்டதும், வீட்டில்கூட வாய்விட்டுப் பாடாத மனுஷன், பஸ்ஸே திரும்பிப் பார்க்க, வார்த்தை தெரியாமல் கூடவே கத்திக் கத்திப் பாடினாராம். இவள் அழுகையை மறந்து சிரித்துவிட்டாளாம். வருஷா வருஷம் அதே நாளில் ஸ்டேட்டஸ் வைத்தது அவர் ஒருவர் பார்க்கத்தானாம். அவர் பார்த்துவிட்டால் இவளுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாமாம்.

கேட்கும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. அவள் பொய் சொல்லவில்லை, மேடம். அவளுக்குப் பொய் வராது. மனசார நம்பித்தான் சொல்லியிருக்கிறாள். நான் இவ்வளவு நேரமாகச் சொல்வதும் அதைத்தானே? அந்த ஆள் இருந்த சுவடே இல்லை. அவனோடு போன பஸ்ஸில் இப்போது அப்பா உட்கார்ந்திருக்கிறார், அவன் பாடியதை அப்பா பாடுகிறார், அவனுக்கு வைத்த ஸ்டேட்டஸ்கூட அப்பாவுக்கு என்று ஆகிவிட்டது. என் தொழிலில் இவ்வளவு சுத்தமாக எந்த வேலையும் எனக்கு அமைந்ததில்லை.